பாளையங்கோட்டை என்று அடித்தால் மட்டும் பாட் பேசவில்லை

எங்கள் திருநெல்வேலி ரத்ததானக் குழுவுக்கு ஒரு டெலிகிராம் பாட் இருக்கிறது. ரத்த வகையும் ஊரும் அடித்தால் கொடையாளர் பட்டியலைத் தானாகவே அனுப்பும் நிரல். ஓர் அண்ணன் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒப்படைத்தார். இரண்டு வருடமாக நான் அதன் உள்ளே அதிகம் கைவைக்கவில்லை. நின்றுபோனால் மறுபடி ஓடவிடுவேன், கேட்டால் ஒரு பட்டன் சேர்ப்பேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஓர் இரவு பத்தரைக்கு ஒருங்கிணைப்பாளர் அக்கா ஃபோன் செய்தார். "தம்பி, ஓ நெகட்டிவ் பாளையங்கோட்டைன்னு அடிக்குதேன், பாட் சும்மா கிடக்கு. பேட்டைன்னு அடிச்சா உடனே பதில் வருது. பாளையில ஒருத்தர்கூடவா இல்ல?"

இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று அக்கா ஃபோனிலேயே ஆள் பிடித்துவிட்டார். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆள் இல்லை என்று சொல்வதும் பதிலே சொல்லாமல் இருப்பதும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்கு ஒன்றுதான்.

மறுநாள் பாட்டின் நிரலைத் திறந்தேன். ஒரே ஃபைல், கிட்டத்தட்ட 1,900 வரி. முதலில் கண்ணில் பட்டது 'எக்செப்ட்: பாஸ்'. எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார் என்கிற வரி, 14 இடத்தில் இருந்தது. வேறு எதையும் தொடாமல் அந்த 14 இடத்திலும் பிழையை லாகில், அதாவது பாட்டின் பதிவேட்டில், எழுதவைத்தேன். பாளையங்கோட்டை என்று அடித்ததும் காரணம் வந்து விழுந்தது: பட்டன் டேட்டா தவறு.

அந்தப் பட்டன் போன வருடம் நான் சேர்த்தது. கொடையாளர் பட்டியலுக்குக் கீழே 'அழைப்பு அனுப்பு' என்று வரும். அமுக்கினால் எந்த ரத்த வகை, எந்த ஊர் என்று பாட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இரண்டையும் தமிழிலேயே பட்டனுக்குள் வைத்திருந்தேன். டெலிகிராம் ஒரு பட்டனுக்குள் 64 பைட் வரைதான் அனுமதிக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறியீடு, துணையெழுத்தும் தனிக் குறியீடு. 'ஓ நெகட்டிவ்' மட்டுமே 31 பைட். நடுவில் ஒரு கோடு, அதற்கு 1. பேட்டைக்கு 18, மொத்தம் 50, தப்பித்தது. பாளையங்கோட்டைக்கு 39, மொத்தம் 71. தச்சநல்லூர் 65, ஒரே ஒரு பைட்டில் போயிற்று. பட்டன் தவறாக இருந்தால் டெலிகிராம் அந்தச் செய்தியையே ஏற்காது. அதனால் பட்டியலும் சேர்ந்து காணாமல் போனது. ஒரு வருடமாக இது தெரியாமல் போனதற்குக் காரணம், எங்கள் ஊரில் யாரும் முழுப்பெயர் அடிப்பதில்லை. 'பாளை' என்றுதான் அடிப்பார்கள். 12 பைட்.

ஊருக்கும் ரத்த வகைக்கும் எண் கொடுத்து, பட்டனில் எண்ணை மட்டும் வைத்தேன். சரியானது.

சரியானதும் அடுத்த கோளாறு தலைகாட்டியது. ஓ பாசிட்டிவ் கேட்டு 'பாளை' என்று அடித்தால் 57 பேர். 'பாளையங்கோட்டை' என்று அடித்தால் 38 பேர். மீதி 19 பேர் எங்கே போனார்கள் என்று ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேடினேன். இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரே பெயர், ஒரே ஏழு எழுத்து. நீளத்தை எண்ணச் சொன்னால் பைத்தான் ஒன்றுக்கு 13 என்றது, இன்னொன்றுக்கு 14.

'கோ'வில் இருந்தது விஷயம். யூனிகோடில் ஓகாரத் துணையெழுத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. அந்த 19 பேரும் குழுவின் பழைய எக்செல் பட்டியலிலிருந்து வந்தவர்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்து, பிறகு மாற்றியது. அந்த மாற்றத்தில் கொம்பும் காலும் பிரிந்தபடியே தங்கிவிட்டன. 'பாளை' என்று தேடினால் முதல் எழுத்துகளை வைத்து இரண்டு வகையும் சிக்கிவிடும். முழுப்பெயரில் தேடினால் பழைய ஆட்கள் விடுபடுவார்கள்.

பைத்தானிலேயே இதற்கு வழி இருக்கிறது. உள்ளே வரும் எந்த எழுத்தையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். தரவுத்தளத்தில் இருந்ததையும் ஒருமுறை மாற்றினேன். தமிழில் பாட் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதை முதல் நாளே செய்யுங்கள். இன்னொன்று: ஔகாரத்துக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் அடித்திருந்தால் இது சரிசெய்யாது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் பிரித்து எழுதும் தைரியம் வந்தது. டெலிகிராமோடு பேசுவது ஒரு பக்கம், யாரை அழைக்கலாம் என்று முடிவு செய்வது இன்னொரு பக்கம். இரண்டாவதை டெலிகிராம் இல்லாமலே சோதிக்க முடிகிறது. சோதனை எழுத உட்கார்ந்தபோதுதான் பழைய கணக்கு தெரிந்தது: ஒருமுறை ரத்தம் கொடுத்தால் மறுபடி கொடுக்க எல்லோருக்கும் 90 நாள் இடைவெளி. இந்திய விதிப்படி ஆண்களுக்குத்தான் 90 நாள், பெண்களுக்கு 120 நாள். ஒரு மாதம் முன்னாலேயே அவர்களை அழைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். வந்தவர்களை ரத்த வங்கியில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இப்போது அது ஒரே இடத்தில், மூன்று சோதனைகளோடு இருக்கிறது.

கையோடு, டெலிகிராமோடு பேச பாட் பயன்படுத்தும் பைத்தான்-டெலிகிராம்-பாட் என்ற ஆயத்த நிரல் நூலகத்தையும் 13-ஆம் பதிப்பிலிருந்து 20-க்கு ஏற்றினேன். 20-இல் எல்லாமே அசிங்க்ரோனஸ்: ஒரு வேலை முடியக் காத்திருக்க வேண்டிய இடத்தில் 'அவெய்ட்' என்று எழுத வேண்டும். ஓரிடத்தில் 'அவெய்ட்' மறந்தாலும் செய்தி போகாது, லாகில் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். எனக்கு இரண்டு இடத்தில் மறந்தது. இன்னொன்று, கிழமை எண்ணிக்கை. பழையதில் 6 என்றால் ஞாயிறு, புதியதில் 0 ஞாயிறு, 6 சனி. ஞாயிறு காலைப் பட்டியல் ஒரு நாள் முன்னால் வந்து நின்றது. "தம்பி, இன்னைக்குச் சனிக்கிழமைலா" என்று அக்காதான் சொன்னார்.

சோதனைக்குத் தனி டோக்கன், அதாவது பாட் டெலிகிராமுக்குள் நுழையும் சாவி, வாங்கிக்கொண்டேன். ஒரே டோக்கனை இரண்டு இடத்தில் ஓடவிட்டால் ஒன்றையொன்று தள்ளிவிடும்.

மிச்சம் இருப்பது அந்த 19 பேர். 'ஸ்டார்ட்' அமுக்காதவருக்கு பாட் தானாகச் செய்தி அனுப்ப முடியாது. அதனால் அக்கா ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டு அமுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்றுவரை ஏழு பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரின் எண் மாறிவிட்டது. பெண் கொடையாளர்களின் கடைசி தேதியை நான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் மேலப்பாளையம் பட்டியல்.