பட்டாணி அளவு என்றால் காய்ந்த பட்டாணி

தாராவி 90 ஃபீட் ரோட்டில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். கவுன்டரில் இந்தியும் மராத்தியும் ஓடினாலும் பாதிப் பேச்சு திருநெல்வேலித் தமிழ்தான். மழை ஓய்ந்து அக்டோபர் வெயில் ஏறியதும் பருவுக்கான டாக்டர் சீட்டுகள் வர ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒரே மருந்து: அடாபலீன் 0.1% ஜெல், 15 கிராம் ட்யூப், ராத்திரி மட்டும்.

நல்ல மருந்து. வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் அதோடு கூடச் சேர்க்கிற சமாசாரங்கள்தான் முகத்தைக் கெடுக்கின்றன என்பது என் கட்சி.

போன வாரம் பேக்கரியில் வேலை பார்க்கிற ஒரு பையன் வந்தான். மூக்கின் இரண்டு ஓரமும் சிவந்து, வாயைச் சுற்றித் தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. ட்யூபைக் கவுன்டரில் வைத்து, "அண்ணே, இது டூப்ளிகேட்டா? தண்ணி பட்டாலே எரியுது" என்றான்.

வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அடியிலிருந்து கழுத்துவரை சுருட்டியிருந்தான். சரியாகப் போட்டால் ஒரு மாதத்துக்கு மேல் வரவேண்டிய ட்யூப்.

"எவ்வளவு போடுற தம்பி?"

ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டினான். "காலைல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ. சீக்கிரம் போகட்டும்னுதான்."

"வேற என்ன போடுற?"

"ஸ்க்ரப். அப்புறம் எலுமிச்சம்பழம், அம்மா சொன்னாங்க."

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. பருவுக்கு எலுமிச்சை, பற்பசை, பட்டைப்பொடி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம் இருக்கிறது. ஆனால் இந்த ஜெல் போடும்போது தோலின் மேலடுக்கு ஏற்கெனவே உணர்ச்சி கூடிப்போய் இருக்கும். அதன்மேல் புளிப்பையும் கரகரப்பையும் தேய்த்தால் எரியாமல் என்ன செய்யும்? ஸ்க்ரப்பையும் எலுமிச்சையையும் விடு, எரிச்சல் அடங்கும்வரை ஜெல்லையும் நிறுத்து, டாக்டரிடம் முகத்தைக் காட்டு, அவர் மறுபடி தொடங்கச் சொன்னால் ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி போடலாமா என்று கேள் என்று சொல்லி அனுப்பினேன்.

பட்டாணி அளவு என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்புகிறார். எந்தப் பட்டாணி என்பதுதான் தகராறு. பச்சைப் பட்டாணி இல்லை. ராகடாவுக்கு ஊறப்போட்டு உப்பிய பட்டாணியும் இல்லை. மளிகைக் கடையில் அளந்து போடுகிற காய்ந்த பட்டாணி. முழு முகத்துக்கும் அந்த ஒன்றுதான். நெற்றியில் ஒரு புள்ளி, கன்னங்களில் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று வைத்து மெல்லிசாக இழுத்துவிட வேண்டும். பருவின் தலையில் மட்டும் வைப்பது வீண். தோலின் துவாரத்துக்குள் செத்த செல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பதைத் தடுப்பதுதான் இதன் வேலை. அதாவது, இனிமேல் வரப்போகிற பருவுக்கும் சேர்த்துத்தான் போடுகிறோம். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதடு, காயம்பட்ட இடம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும்.

ராத்திரி பதினோரு மணிக்கு வேலை விட்டு வந்து, முகம் கழுவி, ஈரத்தோடு ஜெல்லைத் தடவிவிட்டுப் படுக்கிறவர்கள் இங்கே நிறைய. ஈரத் தோலில் எரிச்சல் கூடும். துடைத்துவிட்டு இருபது நிமிஷம் காயட்டும், அதற்குள் சாப்பிட்டுவிடலாம். அப்புறம் ஜெல், அதன்மேல் மாய்ஸ்சரைசர். "மும்பைல அது எதுக்கு, ஏற்கெனவே முகத்துல எண்ணெய் வடியுது" என்று எல்லோரும் கேட்பார்கள். எண்ணெய் வடிகிற முகமும் இந்த ஜெல்லில் வறண்டு உரியும். வாசனை இல்லாத லேசான மாய்ஸ்சரைசர் போதும், விலை கூடியது வேண்டாம். ரொம்ப எரிகிறவர்கள் முதலில் அதைப் போட்டு, மேலே ஜெல்லைப் போடலாம்.

பகலில் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாமல். மழைக்காலத்திலும்தான்.

முதல் சில வாரங்களில் பரு கூடின மாதிரிகூடத் தெரியலாம். பாதிப் பேர் அங்கேயே ட்யூபைத் தூக்கிப் போடுகிறார்கள். பலன் ஒழுங்காகத் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். இதைச் சொன்னால் என்னை ஏதோ ஏமாற்றுக்காரன் போலப் பார்ப்பார்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேறொரு க்ரீமில் ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டதாம்.

அந்த க்ரீம்தான் எனக்குப் பயம். ஸ்டீராய்டு கலந்தது. சிவப்பு சட்டென்று அடங்கும், நிறம் வெளுக்கும், ஆளுக்குச் சந்தோஷம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், முடி முளைக்கும், நிறுத்தினால் பரு முன்னைவிட மோசமாகத் திரும்பும். 2018ல் அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று ஆக்கியது. இன்றைக்கும் சீட்டில்லாமல் கேட்டு வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை, திட்டு வாங்கிக்கொள்கிறேன். அமெரிக்காவில் 2016 முதல் அடாபலீன் 0.1% சீட்டில்லாமலே கிடைக்கிறது என்று போனில் காட்டிச் சண்டை போடுகிற காலேஜ் பையன்களும் உண்டு. அது அங்கே உள்ள சட்டம். இங்கே ட்யூபில் ஆர்.எக்ஸ். குறி, அதாவது சீட்டு வேண்டும் என்ற அடையாளம், இருக்கிறது.

சினேகிதன் ட்யூபை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து வந்து "இதே வேணும்" என்பார்கள். பிராண்டு பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடினாலே மருந்து வேறு. ஒன்றில் அடாபலீனோடு கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருக்கும், இன்னொன்றில் பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு இருக்கும். கிளிண்டாமைசினை மட்டும் தனியாக மாதக்கணக்கில் தடவினால் கிருமி பழகிப்போய் மருந்து கேட்காது, அதனால்தான் டாக்டர் துணைக்கு இன்னொன்றைச் சேர்க்கிறார். படத்தில் உள்ளதும் சீட்டில் உள்ளதும் ஒன்றா என்று நான் பார்ப்பது அதற்காகத்தான். அக்கா தங்கைக்குள் ஒரே ட்யூபைப் பங்கு போடுவதும் வேண்டாம்.

பெண்களிடம் இன்னொன்று கேட்டாக வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ இந்த ஜெல் கூடாது, டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் கூட்டம், பக்கத்தில் மாமியார், எப்படிக் கேட்பது? பில்லின் பின்பக்கம் எழுதி நீட்டிவிடுவேன். படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள், அல்லது ட்யூபைத் திருப்பித் தந்துவிட்டு "நாளைக்கு வரேண்ணா" என்று போவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மேலுதட்டுக்கு வாக்ஸிங் செய்துகொள்கிறவர்களுக்கும் எச்சரிக்கை சொல்வேன். ஜெல் போடுகிற தோலில் வாக்ஸ் இழுத்தால் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும்.

லேசான எரிச்சல், வறட்சி சகஜம். முகமோ கண்ணோ உதடோ வீங்கினால், தொண்டை இறுகினால், மூச்சு முட்டினால் மெடிக்கலுக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அபூர்வம்தான், ஆனால் பென்சாயில் பெராக்சைடில் நடந்திருக்கிறது. 2014ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை எச்சரித்து, முதல் மூன்று நாள் சின்ன இடத்தில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னது.

பென்சாயில் பெராக்சைடு என்றதும் ஞாபகம் வருகிறது: அது துணியை வெளுக்கும். ஒரு அக்கா புது நீலத் தலையணை உறையில் வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது என்று லாண்ட்ரிக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். மகனின் ட்யூபைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அந்த ட்யூப் வீட்டில் இருக்கிறவரை தலையணைக்கு வெள்ளை உறை, முகம் துடைக்க வெள்ளைத் துண்டு. யூனிஃபார்ம் சட்டையை மாட்டுவதற்கு முன் கழுத்தைக் கழுவிவிடுங்கள்.