இரும்பு பறித்த இரண்டு புள்ளிகள்

பொட்டாசியத்தின் எலக்ட்ரான்களைக் கூடுவாரியாக 2.8.8.1 என்று எழுதியே, மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் வேதியியலுக்கு ஏ வாங்கியவன் நான். பினாங்கில் ஆறாம் படிவம் சேர்ந்த முதல் மாதமே அந்தப் பெருமை கரைந்துவிட்டது. ‘பெத்தாலா’ என்று மலாயில் படித்திருந்த கூடுகள் எல்லாம் எஸ், பி, டி, எஃப் எனத் துணைக்கூடுகளாகப் பிரிந்து நின்றன.

எஸ்ஸில் ஓர் ஆர்பிட்டால், பியில் மூன்று, டியில் ஐந்து, எஃப்பில் ஏழு. ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரானுக்கு மேல் இடமில்லை. இது ஒரு மாலை வேலை. ஆர்பிட்டாலை மட்டும் சுற்றுப்பாதை என்று நினைத்துவிடாதீர்கள். 1913இல் நீல்ஸ் போர் என்ற அறிவியலாளர் சொன்ன வட்டப்பாதை அது அல்ல. எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு மிகுந்த வெளி.

என்னைக் கவிழ்த்தது இரும்பு. அதன் 2+ அயனியின், அதாவது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அணுவின், எலக்ட்ரான் அமைப்பை எழுதச் சொன்னார்கள். இரும்பின் 26 எலக்ட்ரான்களில் 2 போனால் 24. அந்த 24ஐயும் அடியிலிருந்து அடுக்கி, 3டிக்கு முன்பே 4எஸ் நிரம்பும் என்ற வரிசைப்படி 4எஸ்² 3டி⁴ என்று முடித்தேன் (முன்னால் உள்ள எண் கூடு, மேலே உள்ள எண் எலக்ட்ரான் எண்ணிக்கை). கூட்டினால் கணக்குச் சரி. விடைமேல் சிவப்புக் கோடு. பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் அந்தத் தாளை மடித்து மடித்து விரித்ததில் நடுவே கிழிந்தேவிட்டது.

அயனியைப் புதிதாக அடுக்கக் கூடாது. நடுநிலை அணுவை முதலில் முழுதாக எழுதுங்கள்: இரும்புக்குக் கடைசியில் 3டி⁶ 4எஸ்² வரும். பிறகு வெளிக்கூட்டிலிருந்து எடுங்கள். 4எஸ் காலியாகி 3டி⁶ மிஞ்சும்.

முதலில் நிரம்பிய 4எஸ் முதலில் காலியாவது எப்படி? இதை எனக்கு யாரும் விளக்கவில்லை, ‘அப்படித்தான்’ என்றார்கள். பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ்ஸின் ஆற்றல்தான் குறைவு. ஸ்கேண்டியம் முதல், அணுக்கருவின் மின்னூட்டம் ஏற ஏற, 3டி தாழ்ந்து உள்ளே ஒடுங்குகிறது. 4எஸ் வெளியே பரந்து கிடக்கிறது. நம்பாதவர்கள் இரும்பு 3+ அயனியைப் பாருங்கள். என் பழைய முறைப்படி 3டி³ 4எஸ்², அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான்கள் மூன்று. சரியான முறையில் 3டி⁵, ஐந்து. நீரில் கரைந்த அந்த அயனியின் காந்த அளவீடு காட்டுவதும் ஐந்துதான்.

குரோமியம், தாமிரம் இரண்டும் இந்த நிரப்பும் வரிசைக்கு விதிவிலக்கு, மனப்பாடம்தான் வழி.

பருவத் தேர்வில் இரும்பு வரவில்லை, தாமிரம் 2+ வந்தது. முதலில் அணுவை எழுதினேன்: 3டி¹⁰ 4எஸ்¹. 4எஸ்ஸில் இருந்த ஒன்றை அடித்தேன். அடுத்த ஒன்றுக்குப் பேனா சற்று நின்றது. பிறகு 3டியில் கை வைத்து, 3டி⁹ என்று முடித்தேன்.