நான்கு சாக்ஸபோன், 32 பார்

2025 ஜூன் 14, சனி

பரிட்டோன் சாக்ஸபோன் வந்து சேர்ந்துவிட்டது. கொழும்பு நண்பர் ஒருவர் ஆறு மாதத்துக்கு இரவல் தந்திருக்கிறார். உதயதேவி ரயிலில் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்து, மட்டக்களப்பு வரும்வரை ஒரு கையை அதிலிருந்து எடுக்கவில்லை. கல்லடிக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து ஸ்பிரிங் எல்லாம் பார்த்தேன். ஊசி மாதிரி மெல்லிய இரும்பு. இந்தக் கடற்கரைக் காற்றுக்கு ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து ஒடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு எண்ணெய் தொட்டு வைத்தேன்.

இப்போது நாங்கள் நால்வர், சின்னதிலிருந்து பெரியது வரை நான்கு சாக்ஸபோன். சொப்ரானோ தங்கச்சி, பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறவள். அல்டோ எங்கள் பறங்கி அங்கிள் (போர்த்துக்கேயர் வழிவந்தவர்), நாற்பது வருஷம் கல்யாண வீடுகளில் கபரிஞ்ஞா, பைலா என்று ஆட்டப் பாட்டுகள் வாசித்தவர். டெனர் தம்பி, தேவாலய பாண்டிலிருந்து வந்தவன். அடியில் பரிட்டோனோடு நான். பியானோ இல்லை, ட்ரம் இல்லை. நான்கு குழல், நான்கு மூச்சு, அவ்வளவுதான்.

அடொல்ப் சாக்ஸ் 1846இல் பாரிசில் இதற்குக் காப்புரிமை வாங்கியபோதே, சின்னதும் பெரியதுமாக ஒரு குடும்பமாகத்தான் இதை யோசித்திருந்தார். 1857இலேயே சாஞ்ஜலே என்ற பெல்ஜியக்காரர் நான்கு சாக்ஸபோனுக்கென்று ஒரு முழு உருப்படி எழுதிவிட்டார். ஜாஸ் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. சாக்ஸபோன் என்றால் கல்யாண பாண்ட் என்று நினைக்கிற எல்லோருக்கும் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

2025 ஜூன் 18, புதன்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மூன்று மணிக்குத் தங்கச்சி வீட்டு விறாந்தையில் உட்கார்ந்தால் அடுப்பங்கரையில் இருப்பதுபோல் இருக்கிறது. ரீட்டின் (ஊதும்போது அதிர்கிற நாணல் தகடு) நுனி காய்ந்து அலையலையாய் நெளிந்துவிடுகிறது. ஒரு கோப்பைத் தண்ணீரில் நான்கு பேரின் ரீட்டும் ஊறிக்கொண்டிருந்தன. சூட்டில் சுருதியும் ஏறுகிறது. ஏறுவது ஒரே அளவாக இருந்தாலாவது பரவாயில்லை, சின்னக் குழல் சொப்ரானோ சட்டென்று சூடாகி மேலே போய்விடும், என்னுடையது பின்னால்தான் வரும். பத்து நிமிஷத்துக்கொருமுறை மௌத்பீஸைத் தள்ளியும் இழுத்தும் சரிபார்க்க வேண்டியிருந்தது.

கிளாசுனோவின் நால்வர் உருப்படியில் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தை மட்டும் எடுத்தோம். ரஷ்யாவை விட்டுப் பாரிசில் வந்து தங்கிய கிழவர், 1932இல் மார்செல் மியூலின் சாக்ஸபோன் குழுவுக்காக எழுதியது. வாசிப்பவர்கள் களைத்துப் போவார்களோ என்று அவரே கவலைப்பட்டாராம். முதல் பத்து வரி வாசித்ததும் அந்தக் கவலை எங்களுக்குப் புரிந்தது.

அங்கிளுக்கு நோட்ஸ் வேகமாகப் படிக்க வராது. ஆனால் தங்கச்சி இரண்டு தரம் வாசித்துக் காட்டினால் போதும், மூன்றாவது தரம் முழுசாகத் திருப்பித் தருகிறார். தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

2025 ஜூன் 29, ஞாயிறு

தங்கச்சி எழுதிய உருப்படியை இன்று முதன்முறையாக எடுத்தோம். 32 பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளப் பிரிவு) வரைக்கும் எழுதிய இசை. நான்கு குரலும் தனித்தனியாகப் பின்னிப் பின்னிப் போகும், நடுவில் உராய்கிற சுரங்களும் உண்டு. 33இலிருந்து தாள் வெறுமை. வடமோடிக் கூத்துக்காரரிடம் கேட்டுப் பழகிய உணர்வில், ‘ததிகிணதோம்’ என்ற ஐந்து எண்ணிக்கைச் சொல்லை பரிட்டோனுக்குக் கொடுத்திருக்கிறாள். நான் அதைத் திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும், மேலே மற்றவர்கள் கற்பனையாகப் போகலாம். பார் நாலு எண்ணிக்கை, என்னுடையது ஐந்து. ஆகவே ஐந்து பாருக்கு ஒருமுறைதான் இரண்டும் ஒன்றாக வந்து விழும்.

கேட்க நன்றாக இருக்க வேண்டியது. இல்லை. 32 வரை நால்வரும் பரீட்சை எழுதுவதுபோல் விறைப்பாக இருந்தோம். 33இல் அங்கிள் திடீரென்று கல்யாண வீட்டுக்குள் புகுந்துவிட்டார். தங்கச்சியோ எழுதாத இடத்திலும் எழுதியதைப்போல ஒவ்வொரு சுரமாக எண்ணி வைத்தாள். இரண்டு துணியைச் சேர்த்து அவசரமாகத் தைத்த மாதிரி, தையல் அப்படியே தெரிந்தது.

இரவு உலக சாக்ஸபோன் குவார்ட்டெட் என்ற ஜாஸ் நால்வர் குழுவைக் கேட்டேன். ஜூலியஸ் ஹெம்பில், ஒலிவர் லேக், டேவிட் மறே, ஹமியட் புளூயெட். 1976இல் நியூ ஓர்லியன்சில் ஒரு கச்சேரிக்காகச் சேர்ந்தவர்கள். அடித்தளமாக பேஸும் ட்ரம்மும் இல்லாமல், புளூயெட்டின் பரிட்டோன் ஒன்றே தரையும் கூரையுமாய் நிற்கிறது. அங்கே எங்கே எழுதியது முடிகிறது, எங்கே கற்பனை தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட எனக்கு முடியவில்லை. (நியூ ஓர்லியன்ஸ் என்றதும் அங்கிளின் முகம் மலர்ந்தது. புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். “எங்கட ஃபாதர்மார்ர ஊர் மகன் அது” என்றார்.)

இதையெல்லாம் ‘இரண்டு இசையை இணைப்பது’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நம் கச்சேரியில் கீர்த்தனையிலிருந்து, அந்த நேரத்தில் தோன்றியபடி பாடும் கற்பனாசுரத்துக்குப் போகும்போது, பாடகர் வேறு இசைக்குத் தாவிவிட்டார் என்று யாராவது சொல்கிறோமா? கீர்த்தனை வரி தொடங்கும் எடுப்புக்குச் சரியாக வந்து சேர்ந்தாரா என்றுதான் காது கொடுத்துப் பார்க்கிறோம். கத்ரி கோபால்நாத் அல்டோவைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்து 1994இல் லண்டன் ப்ரொம்ஸ் இசைவிழா வரை போனார். பிறகு ஜாஸ்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து வாசித்தார். அதே மகந்தப்பா ப்ரிசம் என்ற சாக்ஸபோன் குவார்ட்டெட்டோடும் வாசித்திருக்கிறார். அதுவோ மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1984இல் தொடங்கி, புதிய சாஸ்திரீய உருப்படிகளையே தொழிலாகக் கொண்ட குழு. வாசிக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரே வீட்டின் அறைகள்தான்.

2025 ஜூலை 2, புதன்

பயிற்சி இல்லை. அங்கிளின் அல்டோவில் துளையை மூடும் பேட் ஒன்று ஒட்டிக்கொண்டது. சிகரட் சுற்றும் மெல்லிய தாளை அதன் கீழே வைத்து, சாவியை அமர்த்தி, தாளை மெதுவாக இழுத்தார். தாளில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. மூன்று முறை. சரியாகிவிட்டது.

2025 ஜூலை 5, சனி

இன்றைக்குக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தவர் அங்கிள்.

அந்தத் தையல் இடத்தை ஏழெட்டு முறை வாசித்திருப்போம். நான் 33ஆம் பாரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கிள் அல்டோவை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மகன், நீ மூச்செடுக்கிற இடத்தில எனக்குக் கால் வழுக்குது.”

உண்மைதான். ஐந்தை நீளமாகப் பிடிக்க வேண்டுமே என்ற பயத்தில் 32இன் கடைசி அடியில் நான் ஒரு பெரிய மூச்சு இழுக்கிறேன். பரிட்டோனுக்கு மூச்சு நிறைய வேண்டும். ஆனால் அந்த அரை நொடி அடியில் தரை இல்லை. நான் இழுப்பதைக் கேட்டு மற்ற மூவரும் சேர்ந்து இழுக்கிறார்கள், கிணற்றைத் தாண்டப் போகிறவர்கள் மாதிரி. தாண்டி விழுந்தால் எல்லோரும் தங்களுக்குப் பழகிய இடத்தில்தான் விழுவார்கள். அவர் கல்யாண வீட்டில், தங்கச்சி வகுப்பறையில்.

“அப்ப அண்ணன் எங்க மூச்செடுக்கிறது?” என்று தம்பி கேட்டான்.

கோயிலில் சாமி காவுகிறவர்கள் நிற்காமல் நடந்தபடியே தோள் மாற்றுவார்களே, அது நினைவுக்கு வந்தது. அப்படியே செய்தோம். 30ஆம் பாரிலேயே ‘ததிகிணதோம்’ டெனரில் மெதுவாகத் தொடங்கும். 31இல் நானும் அதில் சேர்ந்து, அரைப் பார் இரண்டு பேருமாகக் காவி, பிறகு நான் விட்டு ஆற அமர மூச்செடுப்பேன். 32இல் திரும்ப வந்து பாரத்தை வாங்குவேன். 34இல் தம்பி மெல்லக் கழன்றுகொள்வான். தங்கச்சி பென்சிலால் தாளில் எழுதினாள், இரண்டு இடத்தில் அழித்துத் திருத்தினாள். எழுதிய இசைக்குள்ளேயே எழுதாத இசையின் கால் விழுந்துவிட்டது.

முதல் முறை தம்பி எண்ணிக்கை பிசகினான். இரண்டாம் முறை நான். மூன்றாம் முறை 33 எப்போது போனதென்றே தெரியவில்லை. 36இல்தான் தங்கச்சி வெறுந்தாளைப் பார்த்தபடி வாசிக்கிறாள் என்று கவனித்தேன்.

2025 ஜூலை 10, வியாழன்

போயா (பௌர்ணமி) விடுமுறை. இரவு ஏழு மணிக்குக் கூடினோம். வெக்கை தணிந்து சுருதி ஓரளவு ஒரு இடத்தில் நின்றது. நிலவுக்குக் கல்லடிப் பாலத்தில் நல்ல சனம், வாவியில் மீன் பாடுகிறதா என்று கேட்கத் தோணியில் போகிறவர்களும் இருந்தார்கள். நாங்கள் ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தோம்.

அங்கிள் இன்று வேறு மனிதர். எழுதிய பகுதியிலேயே அவருடைய சுரங்கள் கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் பேச்சுப்போல வந்தன, ஆனால் ஒன்றுகூட இடம் மாறவில்லை. 33க்குப் பிறகு மிகக் குறைவாகத்தான் வாசித்தார். நாலைந்து சுரம், ஒரு இடைவெளி, அதே சுரங்கள் ஒன்று மட்டும் மாறி. அந்த இடைவெளிக்குள் தங்கச்சி மேலே ஒரு நீள சுரத்தை வைத்தாள். அவள் அதை யோசித்து வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஐந்தும் நாலும் ஒன்றாக விழுகிற இடம் வந்தபோது நால்வரும் அங்கே இருந்தோம். யாரும் தலையாட்டவில்லை, கண்ணும் காட்டவில்லை.

முடிந்து கொஞ்ச நேரம் பேச்சில்லை. பரிட்டோனின் வளைவில் தேங்கிய தண்ணீரைச் சாய்த்து ஊற்றினேன்.

“புள்ள, இன்னொருக்கா” என்றார் அங்கிள்.

மணி ஒன்பதரை. பக்கத்து வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு, மெதுவாக, முதல் பாரிலிருந்து தொடங்கினோம்.