கிறிஸ்துமஸ் அன்று மிஷனரி எங்கே நிற்க வேண்டும்?

வேற்று நாட்டில் ஊழியம் செய்கிறவர்கள் ஊர்ப் பொதுவில் கிறிஸ்துமஸ் விழா எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இங்கே கிறிஸ்துமஸ் என்றைக்கு?" என்பதுதான். ரஷ்ய, செர்பிய, எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அது ஜனவரி 7. ஆர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபைக்கு ஜனவரி 6. உக்ரைன் 2023-ல்தான் டிசம்பர் 25-க்கு மாறியது. ஊர் வேலைக்குப் போகிற நாளில் நீங்கள் மட்டும் நட்சத்திரம் கட்டினால், அது வெளிநாட்டுக்காரர் பண்டிகையாகவே நின்றுவிடும். பூமியின் தென்பாதியில் டிசம்பர் கோடைக்காலம் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே பல ஊர்களில் மாலை ஆறு மணிக்கு மெழுகுவர்த்தி ஆராதனை வைத்தால் வெயிலில்தான் திரி எரியும்.

அடுத்தது அனுமதி. பொது இடத்தில் கூட்டம் நடத்துவதற்கான விண்ணப்பம் உள்ளூர் சபையின் பெயரில் போகட்டும், கையெழுத்தும் அவர்களுடையதாக இருக்கட்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் மேடையேறிப் பிரசங்கிப்பது பல நாடுகளில் விசா விதிமீறல்; அதன் விலையை நீங்கள் கிளம்பிய பிறகு உள்ளூர்ப் போதகர்தான் கொடுப்பார். மதமாற்றத்தைக் குற்றமாக்கும் சட்டம் உள்ள இடங்களில் (நேபாளத்தில் 2018-லிருந்து அப்படி ஒன்று நடைமுறையில் இருக்கிறது) பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பதையும் தேவசெய்தியையும் ஒரே மூச்சில் வைத்தால், கொடுத்த பரிசையே ஆசைகாட்டியதாக யாரும் சொல்லிவிட முடியும்.

இயேசு பிறப்பு நாடகத்துக்கு வருவோம். இங்கேதான் மிஷனரிகள் அதிகம் சறுக்குகிறார்கள். கதவைச் சாத்தும் சத்திரக்காரர் லூக்கா 2-ல் கிடையவே கிடையாது. "சத்திரம்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது "கட்டாலுமா" என்ற கிரேக்கச் சொல். கடைசி இராப்போஜனத்துக்கான அறையைக் குறிக்கவும் லூக்கா 22:11-ல் இதே சொல் வருகிறது. நல்ல சமாரியன் கதையில் வரும் சத்திரத்துக்கோ லூக்கா வேறு சொல் போடுகிறார். எனவே விருந்தினர் அறை நிரம்பிக் கிடந்தது என்றும் படிக்கலாம். விருந்தோம்பலை மானமாகக் கருதும் ஊரில், பிள்ளைத்தாய்ச்சியை விரட்டியடிக்கும் காட்சியை வைத்தால் கதையை விட்டுவிட்டு அந்த அவமரியாதையைத்தான் பேசுவார்கள். நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தையைத் தேடி வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயுவும் எண்ணிச் சொல்லவில்லை. நடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் ஐந்து சாஸ்திரிகள் வரட்டுமே.

"முன்னணை" என்ற சொல்லைத் தமிழரிலேயே பலர் வேதாகமத்தில் மட்டும்தான் பார்த்திருப்போம். அந்த ஊரில் மாட்டுக்குத் தீனி எதில் வைக்கிறார்கள் என்று ஒரு பாட்டியிடம் கேட்டு, அதையே குடிலில் வையுங்கள். லூக்கா 2:1-20 வாசிக்க நான்கு நிமிடம் போதும். உள்ளூர்க்காரர் ஒருவர் தன் மொழி வேதாகமத்திலிருந்து வாசிக்கட்டும்.

நீங்கள்தான் பேசியாக வேண்டும் என்றால், பத்து நிமிடச் செய்தி மொழிபெயர்ப்போடு இருபது நிமிடம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். தமிழில் பேசுகிறவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. "தூதன் வந்து, மேய்ப்பர்களைப் பார்த்து, பயப்படாதிருங்கள் என்று சொல்லி, அடையாளத்தையும் கொடுத்து..." என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போவோம், வினைமுற்று வரும்வரை மொழிபெயர்ப்பவர் வாய் திறக்க முடியாமல் நிற்பார், திறக்கும்போது பாதி மறந்திருக்கும். "தூதன் வந்தான்." நிறுத்துங்கள். "மேய்ப்பர்கள் பயந்தார்கள்." நிறுத்துங்கள். வசன எண்களையும் பெயர்களையும் மூன்று நாள் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சிலேடை வேண்டாம். அவருக்குத் தனி மைக் கட்டாயம். ஒரே மைக்கைக் கை மாற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லும் காணாமல் போகும்.

மெழுகுவர்த்தி ஏற்றும்போது எரிகிற திரி நேராக நிற்க வேண்டும், எரியாத திரிதான் சாய வேண்டும். எரிவதைச் சாய்த்தால் உருகிய மெழுகு அடுத்தவர் கையில் கொட்டும். வட்டமாக வெட்டிய அட்டையின் நடுவில் துளையிட்டு மெழுகுவர்த்தியைச் செருகிக் கொடுங்கள். மேய்ப்பன் வேடத்துப் பஞ்சுத் தாடி, தேவதூதரின் ஜரிகை, குடிலின் வைக்கோல் எல்லாமே நொடியில் பற்றும். வேடமிட்ட பிள்ளை கையில் நெருப்பு கூடவே கூடாது. பேட்டரி விளக்குக் கொடுக்கலாம், ஆனால் மூடி திருகாணியால் பூட்டியதாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைச் சின்னப் பிள்ளை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி இருக்கட்டும். மழை வந்தாலும் உள்ளே இழுக்கக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சாப்பாட்டுக்கு ஒரே விதி: சமைத்ததை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருங்கள், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். தேவசெய்தி நீண்டு உணவு ஆறிக் கிடப்பதுதான் வழக்கமான கோளாறு.

பரிசுப் பட்டியலில் 60 பெயர் இருந்தால் 80 பொட்டலம் கட்டுங்கள். தம்பி தங்கைகள் வருவார்கள், எதிர்வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். எல்லாப் பொட்டலமும் ஒரே அளவு, ஒரே நிறம். நுழையும்போதே ஆளுக்கொரு டோக்கன் கொடுத்துவிட்டால் கடைசியில் நெரிசல் இருக்காது. கொடுக்கிற கை உள்ளூர் ஞாயிறு பள்ளி ஆசிரியருடையது. அடுத்த ஞாயிறும் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப் போகிறவர் அவர்தானே! அதே காரணத்துக்காக, அடுத்த வருடம் அந்தச் சபை தன் காணிக்கையிலிருந்தே செய்ய முடியாத எதையும் இந்த வருடம் வைக்காதீர்கள். வாடகை மேடை, பெரிய ஒலி அமைப்பு எல்லாம் பார்க்க அழகுதான். மறுவருடம் அவை இல்லாதபோது விழாவே நின்றுபோகும்.

அனுப்பிய சபை படம் கேட்கும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் முகம் வேண்டாம், ஊர்ப் பெயரும் இருப்பிடமும் வேண்டாம். பிள்ளை பரிசு வாங்கிக் கையேந்தி நிற்கும் படம் எந்த நாட்டிலும் வேண்டாம்.

அப்படியென்றால் மிஷனரிக்கு என்னதான் வேலை? நாற்காலி போடலாம், தண்ணீர் வாளியும் மணல் வாளியும் வாசலருகே இருக்கின்றனவா என்று பார்க்கலாம். கூட்டம் கலைந்ததும் தரையில் சிந்திய மெழுகு நன்றாக இறுகும்வரை பொறுத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுக்கலாம். சூடாக இருக்கும்போது துடைத்தால் தரை முழுக்க இழுபட்டு வேலை இரட்டிப்பாகும்.