ஹார்வி படித்த பள்ளிக்கூடம்

பத்தாம் வகுப்புக்கு இரத்த ஓட்டம் நடத்தும் நாளில் ஒரு பையனின் கையில் என் கைக்குட்டையை இறுக்கிக் கட்டுவேன். முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்துக்கொண்டு வரும். பாடத்தில் அது சிரை, கிருஷ்ணகிரியில் நரம்புதான். இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்று காட்டிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட புத்தகத்தில் இருப்பதும் இதே சோதனை.

இந்த வருஷம் காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "சார், அவர் எந்த ஸ்கூல்ல படிச்சாரு?" என்றாள். இருபது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி!

இங்கிலாந்தில் கேன்டர்பரி கிங்ஸ் ஸ்கூல் என்றேன். பேராலயத்தை ஒட்டியே இருக்கிறது. 597-ல் அகஸ்டின் பாதிரியார் ரோமிலிருந்து வந்தபோது தொடங்கியது என்பது அவர்கள் கணக்கு. இங்கே அது ஏறக்குறைய மகேந்திரவர்ம பல்லவன் காலம். அங்கிருந்த மடத்தைக் கலைத்த அரசர் எட்டாம் ஹென்றியே 1541-ல் பள்ளியைத் திரும்ப நிறுவினார். கலைத்த அரசரின் பெயரில்தான் 'கிங்ஸ்' ஸ்கூல், அதுதான் வேடிக்கை. உதவித்தொகையோடு 50 பேருக்கு இடம். 'அரசரின் மாணவர்கள்' என்று பெயர். அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது, மேலங்கியும் இருக்கிறது. நாடகாசிரியர் மார்லோ ஹார்விக்குச் சுமார் பத்து வருஷம் சீனியர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல் படிக்கட்டு ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது என்றதும், "நம்ம மாடிப்படி கைப்பிடி போன மாசமே ஆடுதே சார்" என்றான் கடைசி பெஞ்சு. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

அப்புறம்தான் முன்னால் நின்றவன் மெதுவாகச் சொன்னான்: "சார், கை மரத்துப் போச்சு."