பாய் வீட்டு டயனோராவில் வந்தவர்

4 டிசம்பர் 2021, சனி

சாயங்காலம் கடையில் இருக்கும்போது போனில் செய்தி வந்தது. இந்தி டி.வி. பத்திரிகையாளர் வினோத் துவா டெல்லியில் காலமானார், வயது 67. இந்த வாரத் தொடக்கத்திலேயே அவர் போய்விட்டதாகப் புரளி கிளம்பி, அப்பா ஐ.சி.யூ.வில்தான் இருக்கிறார் என்று மகள் மல்லிகா துவா மறுத்திருந்தார். இன்று அந்த மகளே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டால் ரோசய்யா. 2011 முதல் 2016 வரை நம் ஆளுநராக இருந்தவர், அவரும் இன்றுதான் இறந்தார். துவாவுக்குத் திரையின் அடியில் ஓடும் ஒற்றை வரிதான் கிடைத்தது. தமிழ் சேனல்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்தியில் பேசியவரை இங்கே யாருக்குத் தெரியும்? கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

5 டிசம்பர், ஞாயிறு

அந்தக் காலத்தில் தெருவிலேயே பாய் வீட்டில்தான் டி.வி. மரக்கதவு வைத்த டயனோரா. பாய் தையல்காரர். எங்களுக்கு அவர் 'பாய்', அவர் மனைவி 'பாயம்மா'. பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

1989 நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் எண்ணிக்கை. வாக்குச் சீட்டுக் காலம், எண்ணி முடிக்க நாள் கணக்காகும். தூர்தர்ஷனில் பிரணாய் ராய் ஆங்கிலத்தில் சொல்வார், வினோத் துவா இந்தியில் சொல்வார். நடுநடுவே சினிமா போடுவார்கள். எங்களுக்கு ராயும் புரியாது, துவாவும் புரியாது. பாய்க்கு துவா புரியும். வீட்டில் பேசுவது உருது அல்லவா. துவா ஒரு வாக்கியம் முடித்ததும் பாய் தமிழில் சொல்வார். முடிக்கும் முன் யாராவது "என்ன பாய், என்ன சொல்றாரு?" என்று கேட்டால் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டுவார்.

காலண்டர் தாளின் பின்பக்கம் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் கட்சிவாரியாக எண்ணிக்கை எழுதுவார். சுண்ணாம்பு காகிதத்தில் ஒட்டாது. ஊதினால் காங்கிரஸுக்கு இரண்டு சீட் குறையும். கடைசியில் பென்சில் கொண்டுவந்தது பாயம்மாதான்.

நாடு முழுக்க காங்கிரஸ் 197க்கு இறங்கியது. நம் பக்கம் நேர் எதிர்: 39 தொகுதியில் காங்கிரஸும் அ.தி.மு.க.வும் சேர்ந்து 38, ஒன்று இந்தியக் கம்யூனிஸ்ட், தி.மு.க.வுக்குப் பூஜ்யம். எங்கள் கிருஷ்ணகிரியில் ஜெயித்தது காங்கிரஸின் வாழப்பாடி ராமமூர்த்தி. தெருவில் பாதிப் பேர் பட்டாசு வெடித்தார்கள். பாய் மட்டும் டெல்லியில் யார் உட்காரப் போகிறார் என்று துவா சொல்வதற்காகக் காத்திருந்தார். டிசம்பர் 2ஆம் தேதி வி.பி. சிங் பதவியேற்றார்.

பாய்க்கு துவாவை ஏன் அவ்வளவு பிடித்தது? ஒரு காரணம் மொழி. துவாவின் குடும்பம் பிரிவினையின்போது தேரா இஸ்மாயில் கானிலிருந்து வந்தது. அவர் வளர்ந்தது டெல்லியின் அகதிகள் குடியிருப்புகளில். செய்தி அறிக்கைக்கென்று ஒரு கஞ்சி போட்ட இந்தி இருந்ததே, அதை அவர் பேசவில்லை. எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் பேசினார். மொழி தெரியாத எனக்கே அது தெரிந்தது.

ராத்திரி பெங்களூரிலிருந்து சிநேகிதன் போன் செய்தான். "2018ல் அவர் மேல் வந்த புகாரையும் எழுதுவியா?" என்றான். எழுதுகிறேன். மீ டூ சமயத்தில் ஒரு பெண் இயக்குநர் அவர் மீது பாலியல் தொல்லைப் புகார் சொன்னார். துவா மறுத்தார். ஆள் செத்துவிட்டார் என்பதற்காக அதை அழிக்க முடியாது.

8 டிசம்பர், புதன்

குன்னூர் பக்கம் ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது. முப்படைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி என மொத்தம் 14 பேர் இருந்தார்களாம். மதியத்திலிருந்து ஒவ்வொரு சேனலும் ஒவ்வொரு எண்ணிக்கை. ஒருவர் இறந்தார் என்கிறார், இன்னொருவர் பிழைத்தார் என்கிறார், மூன்றாமவர் சதி என்கிறார். விமானப் படை உறுதிசெய்தது சாயங்காலம்தான். ராவத்தும் மனைவியும் உட்பட 13 பேர் போய்விட்டார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க இப்போது ஒருவருக்கும் முடியவில்லை. எரிச்சலில் அணைத்துவிட்டுப் படுத்தேன்.

11 டிசம்பர், சனி

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் மச்சான் வந்திருந்தான். துவா பேச்சு வந்தது. 2020 மார்ச்சில் யூடியூபில் அரசை விமர்சித்துப் பேசியதற்கு இமாச்சலில் அவர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2021 ஜூன் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வன்முறையைத் தூண்டாதவரை அரசை விமர்சிப்பது தேசத்துரோகம் ஆகாது என்ற 1962 கேதார்நாத் சிங் தீர்ப்பு தரும் பாதுகாப்பு ஒவ்வொரு பத்திரிகையாளருக்கும் உண்டு என்று சொன்னது. "இனிமே நம்ம ஊர் நிருபர் மேல இந்த வழக்கு வந்தாலும் வக்கீல் இதைத்தான் எடுத்து நீட்டுவாரு மாமா" என்றான் மச்சான்.

தீர்ப்பு வந்து பத்து நாள் ஆவதற்குள் அவர் மனைவி, டாக்டர் சின்னா துவா, கொரோனாவில் இறந்தார். அவரும் பாட்டுக்காரர், இருவரும் சேர்ந்து பாடுவார்களாம். ஜெயித்ததைக் கொண்டாடக்கூட அந்த மனுஷனுக்கு நேரம் இல்லை.

1985ல் தூர்தர்ஷனில் அவர் நடத்திய 'ஜன்வாணி' பற்றி மச்சானுக்குத் தெரியவில்லை. மந்திரியை உட்காரவைத்து சாதாரண ஜனங்களை நேரடியாகக் கேள்வி கேட்க விட்ட நிகழ்ச்சி. டி.வி.யே அரசாங்கத்தின் கையில் இருந்த காலம் அது. அவரை நான் மதிப்பது இதற்காகத்தான். மைக்கை அடுத்தவன் பக்கம் திருப்பினார். இன்று விவாதம் நடத்துகிறவர்கள் மைக்கை விடுவார்களா?

12 டிசம்பர், ஞாயிறு

பாயம்மாவைப் பார்க்கப் போனேன். பாய் தவறி வருஷங்கள் ஆகிவிட்டன. தையல் மிஷின் மேல் ஊறுகாய் ஜாடிகள். துவா இறந்ததை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னதும், "அந்த எலெக்‌ஷன்காரரா?" என்றார். "பாவம் தம்பி, பாய் அவருக்காகத்தான் டி.வி.யே போடுவாரு."

போனில் துவாவின் சாப்பாட்டு நிகழ்ச்சி 'ஜாயிகா இந்தியா கா' எபிசோட் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஊர் ஊராகப் போய், கடையில் நின்று சாப்பிட்டு, சமைத்தவரிடமே பேசுவார். பாயம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தார். ஒரு குழம்பைப் பார்த்து, "எண்ணெய் மேல வர்றதுக்குள்ள இறக்கிட்டான்" என்றார். துவா அதை ரசித்துச் சாப்பிட்டார். "மரியாதைக்குச் சாப்பிடறாரு, முகத்தைப் பாரு" என்றார்.

அடுத்த எபிசோட் போடச் சொன்னார். சார்ஜ் எட்டு சதவீதம்தான் இருந்தது. பேரனின் சார்ஜரை வாங்கிச் செருகிக் கொடுத்தார்.