ஒரே பெயரில் மூன்று ஆசிரியர்கள்

“இவர் 1934இல் வடிவியல் நூல் எழுதியிருக்கிறார், 2016இலும் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் எத்தனை வயதுவரை எழுதினார்?” என்று ஒரு வாசகர் கேட்டார். நூலகப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரே பெயரின் கீழ் 23 நூல்கள்: கவிதை, கணிதம், சட்டம் எல்லாம் கலந்து கிடந்தன. பெயரின் எழுத்துகள் ஒத்துப்போனதால் எப்போதோ ஒன்றாகச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் மேசையில் அடுக்கி, துறைவாரியாகப் பிரித்தேன். கவிஞர் ஒருவர், கணிதக்காரர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர். அது தவறு. 1941இல் வந்த கவிதைத் தொகுப்பின் முன்னுரை, தன்னிடம் வடிவியல் படித்த மாணவர்களுக்கு நன்றி சொன்னது. கவிஞரும் கணிதக்காரரும் ஒருவரே! 2009இல் வந்த கணித நூலோ ‘இது என் முதல் நூல்’ என்றது. ஆக, கணிதத்திலேயே இரண்டு பேர்.

அப்புறம் நூலுக்கு ஒரு சீட்டு வைத்தேன். முதற்பதிப்பு ஆண்டு (மறுபதிப்பு ஆண்டு ஏமாற்றிவிடும்), பதிப்பகம், முன்னுரையின் அடியில் உள்ள ஊர், சமர்ப்பணம், பின்னட்டைக் குறிப்பு. சமர்ப்பணப் பக்கம் இவ்வளவு உதவும் என்று நினைக்கவில்லை. நான்கு சட்ட நூல்கள் ஒரே அக்காவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருந்தன.

வெளியே சரிபார்க்க வையாஃப் தளத்தைப் பார்த்தேன். பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை அது சேர்த்துக் காட்டுகிறது. சேர்ப்பது கணினி என்பதால் அங்கேயும் இருவர் ஒருவராகிவிடுவதுண்டு. அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. வழக்கறிஞருக்கு, ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டும் ஐஎஸ்என்ஐ என்ற 16 இலக்க எண் இருந்தது, சேர்த்துக்கொண்டேன். ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் எண் 2012இல்தான் வந்தது; 1930களின் கவிஞருக்கு அது எப்படி உதவும்?

பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு இதே சிக்கல் அமெரிக்க நாவலாசிரியர் வின்ஸ்டன் சர்ச்சிலோடு வந்தது. 1899இல் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டு, பிரிட்டிஷ்காரர் ‘ஸ்பென்சர்’ என்பதையும் சேர்த்துக் கையெழுத்திடுவதாக முடிவானது. பட்டியல்களில் 1874–1965, 1871–1947 என்ற ஆண்டுகள் அவர்களைப் பிரிக்கின்றன. என் மூவரில் கவிஞருக்கு மட்டுமே பிறந்த ஆண்டு கிடைத்தது. மற்ற இருவர் பெயருக்குப் பின்னால் தொழிலைப் போட்டேன்.

எதை வைத்துப் பிரித்தேன் என்பதை மார்க் (நூலகங்கள் கணினியில் பயன்படுத்தும் பதிவு வடிவம்) பதிவில், ஆதாரத்தைக் குறிப்பதற்கான 670ஆம் புலத்தில் பக்க எண்ணோடு எழுதினேன். இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அடுத்து வருபவர் என் முடிவைச் சரிபார்க்கவும் முடியும், மாற்றவும் முடியும்.

20 நூல்கள் இடம் சேர்ந்தன, மூன்று மிஞ்சின. ஊகித்துச் சேர்க்க மனம் வரவில்லை. ‘யாரென்று உறுதியாகவில்லை’ என்ற குறிப்போடு தனியாக வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் முன்னுரைத் தாள் கிழிந்துபோயிருக்கிறது. முழுப் பிரதி உள்ள இன்னொரு நூலகத்துக்கு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பக் கேட்டு எழுதியிருக்கிறேன்.